பண்ணை இல்லாத ஊரில் பண்ணை மேலாளர்

மேலூர் சாலையில், யானைமலை அடிவாரத்தில் இருக்கிறது மதுரை வேளாண்மைக் கல்லூரி. 1965-இல் தொடங்கியது, நெல்லிலும் குதிரைவாலியிலும் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ரகங்களை வெளியிட்ட இடம். இறுதியாண்டு மாணவர்களிடம் ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால் பதில்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு, உரக் கம்பெனி, பூச்சிமருந்துக் கம்பெனி, எதுவும் அமையாவிட்டால் மேற்படிப்பு. ‘பண்ணை மேலாளர் ஆகப் போகிறேன்’ என்ற பதிலைக் கேட்பது அபூர்வம். நாலு வருடம் வயலுக்கு நடுவே படித்தவர்களுக்கு, வயலை நிர்வகிப்பது ஒரு வேலையாகத் தோன்றாதது விநோதம்தான். ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

மேலாளர் இருக்க வேண்டுமென்றால் முதலில் பண்ணை இருக்க வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரர் கையில் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. நாட்டின் சராசரியே 1.08 ஹெக்டேர்தான். இந்த இரண்டு ஏக்கருக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பட்டதாரியை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். பெரிய நிலக்கிழார்களிடமும் மடங்களிடமும் காரியஸ்தர்களும் கணக்கப்பிள்ளைகளும் இருந்தார்கள். 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. பினாமிப் பெயர்களில் எவ்வளவு தப்பியது என்பது தனிக் கதை. ஆனாலும் நூறு ஏக்கர் ஒரே கையில் என்ற ஏற்பாடு சமவெளியில் முடிந்துபோனது. அது முடிந்தது நல்லதுதான். தோட்டப் பயிர்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்ததால், மதுரையிலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய மேகமலையின் தேயிலைத் தோட்டங்களில் பழைய ஏணி இன்னும் நிற்கிறது: பெரிய துரை, சின்ன துரை, கண்டக்டர், கங்காணி. மலையிலிருந்து இறங்கினால் அந்தப் பதவிகளுக்கு வேலை இல்லை. ‘பண்ணை மேலாளர்’ என்ற பெயரிலேயே ஒரு பணியிடத்தைச் சமவெளியில் பார்க்க வேண்டுமானால் வேளாண் அறிவியல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே மொத்தம் 16 பணியிடங்கள். அதில் ஒன்று பண்ணை மேலாளர்.

இதோடு விஷயம் முடிந்தது என்று தோன்றும். பெரியாறு கால்வாயோரம் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை ஒருமுறை போய்வந்தால் அப்படித் தோன்றாது.

1895-இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகைக்கு வந்து, அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக இந்தப் பகுதிக்குப் பாய்கிறது. இருபோகப் பாசன நிலம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். இருபோகத்துக்கு வழக்கமாக 120 நாள் தண்ணீர்: முதல் 45 நாள் முழுசாக, அடுத்த 75 நாள் முறை வைத்து. அணை திறக்கும் தேதி வந்ததும் இத்தனை ஆயிரம் ஏக்கரிலும் ஒரே நேரத்தில் நாற்றங்கால் வேண்டும், ஒரே வாரத்தில் தொழி உழவுக்கு டிராக்டர் வேண்டும், ஒரே பத்து நாளில் நடவுக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக அலைகிறார். நடவு ஆட்களைத் திரட்டுவது பெரும்பாலும் ஊரில் ஒரு அக்கா. யார் வயல் எந்தக் கிழமை, யார் வீட்டில் நோவு, யாருக்கு நூறு நாள் வேலை விழுகிற வாரம், எல்லாம் அவர் செல்போனிலும் மண்டையிலும் இருக்கும். ஒரு தாளில் எழுதியிருக்காது. மனிதவள மேலாண்மை என்று கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். இந்த அக்காவை ஒருநாள் வகுப்பெடுக்கக் கூப்பிடலாம்.

அறுவடையில் இன்னும் நெருக்கடி. இயந்திரங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும். வாடகை மணிக்கணக்கு. வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும். ஈரம் நின்றால் செயின் வண்டி, அதற்கு வாடகை கூடுதல். வண்டி ஒரு வயலை முடித்துப் பக்கத்து வயலுக்குப் போவது ஒரு கணக்கு. நடுவில் நாலு வயல் பச்சையாக இருப்பதால் வரப்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்மாய்க்குப் போவது வேறு கணக்கு. பக்கத்து வயல்காரர்கள் ஒரே வயது ரகத்தை ஒரே வாரத்தில் நட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சமாகும். அறுத்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 17 சதவீத ஈரப்பதக் கட்டுப்பாடு. களம் இல்லாதவர் தார்ச் சாலையில் காயப்போட்டுவிட்டு, மேகத்தைப் பார்த்தபடி தார்ப்பாயோடு உட்கார்ந்திருப்பார். இவ்வளவும் நிர்வாகம்தான். அந்த வேலை ஊரெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கென்று ஒரு ஆள் இல்லாததால் இரண்டு ஏக்கர்காரர் ஒவ்வொருவரும் அதைத் தானே, தனியாக, கூடுதல் விலை கொடுத்துச் செய்கிறார்.

பலர் நிலத்துக்கு ஒரு நிர்வாகி என்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனையும் இல்லை. கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி இருந்தார். மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது, தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருக்கு முதல் பாய்ச்சல் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலி, ஆயக்கட்டுதாரர் அத்தனை பேரும் நிலத்தின் அளவுக்கேற்ப அளக்கும் நெல். சில கண்மாய்களில் இன்னும் இருக்கிறார்கள். இதைப் பொற்காலமாகப் பாடிவிடவும் கூடாது: அந்த வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களின் தலையில் பரம்பரையாக விழுந்தது, நுட்பம் இருந்தது, மரியாதை இல்லை. ஆனால் ஏற்பாட்டின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். நிலம் அவரவருக்கு. நிர்வாகம் பொதுவுக்கு. சம்பளம் ஏக்கர் கணக்கில்.

பிற்காலத்தில் அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இதைத்தான் வேறு உருவில் செய்தது. ஆலையின் கரும்புப் பிரிவு ஆட்கள் சுற்றுவட்டார வயல்களை எல்லாம் ஒரே பண்ணையைப் போலப் பார்த்தார்கள்: யார் எந்த மாதம் எந்த ரகம் நட்டார் என்று பதிவு, அதை வைத்து யாருக்கு எப்போது வெட்டு உத்தரவு. வெட்டு உத்தரவு தாமதம், நிலுவைப் பணம் என்று விவசாயிகளுக்கு மனத்தாங்கல்கள் இருந்தன. என்றாலும், ஒரு வேளாண் பட்டதாரி சைக்கிளிலோ பைக்கிலோ நூற்றுக்கணக்கான சிறு நிலங்களை ஒரே அட்டவணையில் கோத்த வேலை அது. ஆலை சில ஆண்டுகளாக அரவை இல்லாமல் நிற்கிறது. ஆலையைத் திறக்கச் சொல்லி நடக்கும் போராட்டங்களில் கரும்பும் தொழிலாளர் சம்பளமும் பேசப்படுகின்றன. கூடவே மறைந்துபோன இந்த நிர்வாக அனுபவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்றைக்கு அந்த இடத்தை நிரப்ப வந்திருப்பது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். நாடு முழுக்க 10,000 நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது; ஐந்தே ஆண்டில், 2025 பிப்ரவரியில், பத்தாயிரமாவது நிறுவனமும் பதிவாகிவிட்டது. சமவெளியில் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்தது 300 விவசாயிகள். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி. தலைமைச் செயல் அலுவலர், அதாவது சி.இ.ஓ., வேளாண்மையோ வேளாண் வணிகமோ அதற்கு இணையானதோ படித்த பட்டதாரியாக இருக்க வேண்டும். பெயர் பெரிது, வேலையைப் பார்த்தால் அசல் பண்ணை மேலாளர். சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை திட்டத்தில் கிடைக்கும். கணக்காளருக்கு 10,000.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சி.இ.ஓ.வுக்கு ஆண்டுக்கு 3 லட்சம், கணக்காளருக்கு 1.2 லட்சம். மூன்றாண்டில் 12.6 லட்சம். நாலாம் ஆண்டு உதவி நின்றுவிடும். அப்புறம் ஆண்டுக்கு 4.2 லட்சத்தை நிறுவனமே ஈட்ட வேண்டும். பல இடங்களில் இங்கேதான் கதை முடிகிறது: நிறுவனம் ஒரு உரக்கடையாகச் சுருங்குகிறது, சி.இ.ஓ. வங்கித் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுகிறார். போகிறவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? முந்நூறு குடும்பங்களின் விதை, உழவு, அறுவடை, விற்பனை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் உறுதி என்றால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்?

அந்த 4.2 லட்சத்தை நீர்க்கட்டிக்கு அளந்த முறையில் பிரித்தால் என்ன ஆகும்? முந்நூறு உறுப்பினர், மாநிலச் சராசரி நிலம் என்று வைத்தால் சுமார் 555 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 760 ரூபாய்க்குள். குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்ற 2025-26 பருவத்தின் கொள்முதல் விலையில் அது 30 கிலோ நெல். 40 கிலோ மூட்டை ஒன்றுகூட முழுசாக இல்லை. சி.இ.ஓ. சம்பளத்தை இரட்டிப்பாக்கி மாதம் 50,000 என்று வைத்தாலும் ஏக்கருக்கு 1,300 ரூபாய் அளவில்தான் நிற்கும். ஒன்றேகால் மூட்டைக்குச் சற்றே மேல். ஆளாளுக்குத் தனியாகப் பிடிக்கும் அறுவடை வண்டியைப் பேசி வரிசைப்படுத்துவதிலும், உர மூட்டையை மொத்தமாக எடுப்பதிலும், ஈரப்பதத்தால் திரும்பி வரும் நெல்லைத் தவிர்ப்பதிலும் அந்த ஒன்றேகால் மூட்டையை ஒரு நல்ல மேலாளரால் மீட்டுக்கொடுக்க முடியும். அப்படி மீட்டுக்கொடுக்க முடியாதவரை அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்களே மாற்றிவிடலாம். மானியம் முடிந்ததும் வேலையும் முடியும் இன்றைய நிலையைவிட இது இரு தரப்புக்கும் நேர்மையானது.

முடியுமா என்ற சந்தேகத்துக்கு நாசிக் பக்கம் பதில் இருக்கிறது. வேளாண் பொறியியல் படித்த விலாஸ் ஷிண்டே, மோஹாடி கிராமத்தில் திராட்சை விவசாயிகளைச் சேர்த்துக் கட்டிய சஹ்யாத்ரி பார்ம்ஸ் இன்று நாட்டின் பெரிய உற்பத்தியாளர் நிறுவனங்களில் ஒன்று. ஐரோப்பாவுக்குத் திராட்சை அனுப்புகிறது. திராட்சைக்குக் கிடைக்கும் ஏற்றுமதி விலை நம்மூர் நெல்லுக்கு இல்லைதான். அதனால் மதுரையிலேயே உள்ள உதாரணம்தான் பொருத்தம். வேளாண்மையும் பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மையும் படித்த ம.ப. வாசிமலை 1997-இல் இதே மதுரையில் தானம் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். கண்மாய்களுக்கு வயலகம், பெண்களுக்குக் களஞ்சியம் என்று அவர்கள் கட்டிய அமைப்புகளின் அடிப்படை, படித்த இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து கிராம வேலைக்கு அமர்த்துவது. பேரையூர் மானாவாரிப் பகுதியில் குதிரைவாலியை முன்வைத்து அவர்கள் செய்த வேலையும் அந்த வழியில்தான்: விதை, சாகுபடி முறை, உமி நீக்கும் இயந்திரம் வரை ஒரே சங்கிலியாகப் பார்ப்பது. குதிரைவாலியில் உமி நீக்குவதுதான் பெரும்பாடு. அதை ஊரிலேயே செய்ய முடிந்தால்தான் அரிசியாக விற்கும் விலையில் ஒரு பங்காவது விளைவித்தவருக்கு நிற்கும்.

இப்படிப்பட்ட வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பயிரைப் பற்றிக் கல்லூரி நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறது. கணக்குதான் பலவீனம். இத்தனைக்கும் இந்தியாவில் பண்ணை மேலாண்மை ஒரு ஆய்வுத் துறையாக வேரூன்றிய இடங்களில் ஒன்று தமிழ்நாடு. 1954-55-இல் தொடங்கிய பண்ணை மேலாண்மை ஆய்வுகளில் அன்றைய சென்னை மாநிலத்தின் சேலம், கோவை மாவட்டங்களும் இருந்தன. சிறிய நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதல் என்று அந்தப் புள்ளிவிவரங்கள் காட்டின. அதைப் பிடித்துக்கொண்டு அமர்த்தியா சென் 1962-இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. சென் காட்டிய காரணம் எளிமையானது: சிறு விவசாயி குடும்பத்தின் உழைப்பைக் கூலியாக எண்ணுவதில்லை, அதனால் பெரிய பண்ணை நிறுத்திவிடும் இடத்தைத் தாண்டியும் உழைத்துக்கொண்டே இருப்பார். இன்றைக்கும் மேலூர் பக்கம் ஒரு வீட்டில் நெல் கணக்குக் கேட்டால் உரம், கூலி, வண்டி வாடகை வரும். விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பாவின் நேரமும், களை எடுத்த அம்மாவின் நாட்களும் வராது.

மல்லிகையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நவம்பர் கடைசியில் கவாத்து. வெயில் ஏறும் மாதங்களில் பூ கொட்டும். விடியுமுன் பறித்து, மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். வரத்து மிகும் நாட்களில் கிலோ சில நூறு ரூபாய். பனியில் செடி சோர்ந்துபோகும் மார்கழி, தை நாட்களில் அதே பூ மூவாயிரம் ரூபாயையும் தாண்டும். ஆனால் அப்போது தோட்டத்தில் பூ இருக்காது. பறிகூலி எடையைப் பொறுத்தது. சந்தை விலை சரிந்தால் பறிகூலியும் பஸ் வாடகையும் கமிஷனும் போகக் கைக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பறிக்கும் முன்பே, விடிகாலை நாலு மணிக்கே முடிவு செய்தாக வேண்டும். வாசனைத் தொழிற்சாலை என்ன விலைக்கு எடுக்கும், பத்துத் தோட்டங்களில் கவாத்தை வாரம் விட்டுப் பிரித்துச் செய்தால் வரத்து பரவுமா, வீட்டில் இருக்கும் கைகளுக்கு எத்தனை சென்ட் மல்லி தாங்கும் என்ற கேள்விகளுக்கு உழவியல் பாடத்தில் பதில் இல்லை. ஐந்து வருட விலையும் பறிகூலியும் எழுதிய ஒரு நோட்டு இருந்தால் பதில் வரும். வலையங்குளத்திலோ உசிலம்பட்டியிலோ அப்படி ஒரு நோட்டை வைத்திருக்கும் ஆள், எந்தப் பட்டமும் இல்லாவிட்டாலும், மேலாளர்தான்.

மேலாளர் வேலைக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு தொழில் வளர்ந்தது. பண்ணை மேலாளர்களுக்கான சங்கம் 1929-இல் அமைந்தது. அதே ஆண்டு நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் தொடங்கிய பார்மர்ஸ் நேஷனல் கம்பெனி இன்றும் பிறர் நிலங்களை நிர்வகிக்கிறது. இங்கே அந்த வாசலை இரண்டு பயங்கள் அடைத்திருக்கின்றன. ஒன்று, ஏமாந்த அனுபவம். ‘பணத்தைக் கொடுங்கள், உங்கள் பண்ணையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றவர்கள் தேக்கு மரத்தைக் காட்டினார்கள். 1998-இல் அனுபவ் பிளான்டேஷன்ஸ் கவிழ்ந்தது. பிறகு கோழியைவிடப் பெரிய பறவையைக் காட்டினார்கள்; 2012-இல் பெருந்துறை சுசி ஈமு சரிந்தது. இப்போது புறநகர்ச் சாலைகளில் பராமரிப்போடு பண்ணை மனை என்று பலகைகள் முளைக்கின்றன. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: போன வருடம் இந்த நிலத்தில் என்ன விளைந்தது, யாருக்கு விற்றீர்கள், ரசீது எங்கே?

மற்றொரு பயம் சட்டம் சார்ந்தது. 1955-இன் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், நில உடைமையாளர் நினைத்தபோது குத்தகைதாரரை வெளியேற்றிய கொடுமைக்கு முடிவு கட்ட வந்தது. அன்றைக்கு அது அவசியம். அதன் நிழலில் இன்று வெளியூர் உரிமையாளர் எழுத்தில் குத்தகை விடப் பயப்படுகிறார். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கோ பயிர்க்கடனும் இழப்பீடும் இழுபறி. நடுவே நிலம் கருவேலம் காடாகிறது. நீதி ஆயோக் 2016-இல் வெளியிட்ட மாதிரி நிலக் குத்தகைச் சட்டம் இந்தச் சிக்கலைத்தான் தொட்டது. குத்தகைதாரரின் பாதுகாப்பைக் கைவிடாமல், உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு மட்டுமாவது காலவரையறை உள்ள எழுத்துக் குத்தகையை அனுமதிப்பதில் அரசு தயங்க வேண்டியதில்லை. தரிசாகக் கிடக்கும் நிலம் நிறுவனத்தின் கைக்கு வந்தால் ஏக்கர் எண்ணிக்கை கூடும். மேலாளர் சம்பளத்துக்கான பங்கு குறையும்.

தனியாகத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2002 முதல் நடக்கும் வேளாண் மருத்துவ, வணிக மையத் திட்டத்தில் பயிற்சியும் கடனோடு மானியமும் உண்டு. 2025-26 மாநில வேளாண் பட்ஜெட்டில் ஆயிரம் உழவர் நல சேவை மையங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டுமே கடை வைத்துக்கொடுக்கும் திட்டங்களாக நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. உரமும் மருந்தும் விற்பவர் விவசாயியின் செலவைக் குறைக்க எவ்வளவு தூரம் அக்கறை காட்டுவார்? நடவு, அறுவடை, கணக்கு, விற்பனை என்று ஏக்கருக்கு இவ்வளவு என்ற சேவைக் கட்டணத்தில் ஓடும் மையத்துக்கே மானியத்தில் முதலிடம் கொடுத்தால் இந்தச் சிக்கல் ஓரளவு தீரும்.

கல்லூரி செய்யக்கூடியதற்குப் புதிய நிதிகூட வேண்டாம். வேளாண் மாணவர்கள் கிராமப்புறப் பணி அனுபவப் பயிற்சிக்காக இறுதியாண்டில் ஊர்களில் தங்குகிறார்கள். இப்போது அது செயல்விளக்கம், பேனர், மறுநாள் செய்தித்தாளில் குழுப் படம் என்று பெரும்பாலும் கழிகிறது. அதே குழுவை ஒரு உற்பத்தியாளர் நிறுவனத்தோடு இணைத்து, பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல், வலையங்குளத்தில் ஒரு ஏக்கர் மல்லி, பேரையூரில் ஒரு ஏக்கர் குதிரைவாலி என்று மூன்று வரவு-செலவுக் கணக்குகளை வீட்டு உழைப்பின் கூலியோடு எழுதி, நிறுவனத்தின் பொதுக்குழுவில் விவசாயிகள் முன்னால் படிக்கச் சொல்லலாம். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பொதுக்குழு போடட்டும்.